'நான்' என்று வந்தால் சுயசரிதை

பத்து வயது வரைக்கும் எனக்கென்று சொல்லிக்கொள்ள வாழ்க்கை எதுவும் இருக்கவில்லை. அந்த விஷயம் எனக்கே தெரியாமல்தான் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு மாசி மாதக் காலையில் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

சோரியாங்குப்பத்தை ஒட்டி, பெண்ணையாற்றங்கரையில் இருந்தது எங்கள் ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ராஜ்யம். நடுவில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். பள்ளிக்கூடம் என்பது ஓடு போட்ட ஒரே அறை. அதில் பையன்கள் இருபது பேர், பெண்பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். வாத்தியார் புதுச்சேரிக்காரர், சின்ன வயது. தலையில் வெள்ளைத் தொப்பியும் காலில் சப்பாத்துமாக சைக்கிளில் வருவார். அவரை 'மிசியே' என்றுதான் கூப்பிட வேண்டும். தப்பித் தவறி 'சார்' என்று சொல்லிவிட்டால், "ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் படி" என்பார்.

மிசியேவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடப் புதுச்சேரியிலிருந்து வரும் துரை. துரை அடுத்த வாரம் வருவதாகவும், பிள்ளைகள் சொந்தமாக எழுதினதைப் பார்க்க ஆசைப்படுவதாகவும் சேதி வந்திருந்தது. அதுவரை நாங்கள் பலகையில் இருப்பதைத் தவிர வேறு எதையும் எழுதினதில்லை. மிசியே வேர்த்து விறுவிறுத்துப் பலகையில் இரண்டு வார்த்தைகளை எழுதினார். ஒன்று சுயசரிதை. இன்னொன்று ஜீவிய சரித்திரம். தன் கதையைத் தானே எழுதினால் முதலாவது, ஒருத்தர் கதையை இன்னொருத்தர் எழுதினால் இரண்டாவது என்று நான்கு தரம் விளக்கினார். இருபத்து மூன்று பேரும் எருமைகள் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மனுஷர் இறங்கி வந்து, "நான் என்று வந்தால் சுயசரிதை, அவன் அவள் என்று வந்தால் ஜீவிய சரித்திரம்" என்றார். அது புரிந்தது. வாய்ப்பாட்டைப் போல அதை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். மறுநாள் ஆளுக்கு ஒரு பக்கம் சுயசரிதை எழுதிக்கொண்டு வரவேண்டும்.

வீட்டுக் கொல்லையில் முருங்கை மர நிழலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'நான் பிறந்தேன். எனக்கு அம்மை போட்டது. இறங்கியது. எங்கள் வீட்டில் இரண்டு எருமைகள் இருக்கின்றன.' எருமைகளில் 'நான்' வரவில்லை என்பதைக் கவனித்து அதை அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது மூன்று வாக்கியம். அதற்கு மேல் என் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மிசியேவின் புளியங்குச்சிதான் நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் என் அக்கா விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிமூன்று வயது. பள்ளிக்கூடம் போனதில்லை. அவள் போயிருக்கவேண்டிய வயதில் நான் அவள் இடுப்பில் இருந்தேன்.

அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம். தை மாதமே பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை அக்கரைக்காரர், பெரிய கரும்பு வெள்ளாமை. அப்பாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். முதல் சம்சாரம் காய்ச்சலில் தவறிப் போய்விட்டதாகச் சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். பதினாலு வயது ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் தண்டனை என்று இங்கிலீஷ்காரன் சட்டம் போட்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. அதனால் முகூர்த்த நாளில் அக்கரையிலிருந்து வண்டி வண்டியாக வந்து எங்கள் ஊர்க் கோவிலில் தாலி கட்டிக்கொண்டு போவார்கள். மாமன் தோளில் தூங்கிக்கொண்டே வந்து இறங்கிய கல்யாணப் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் பதிமூன்று வயதில் கல்யாணம் என்பதை எங்கள் தெருவில் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. எனக்கு அதில் ஒரு பச்சைப் பட்டுப் பாவாடை சேரவேண்டியிருந்ததால் நான் வைகாசிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, நோட்டையே மொறைச்சிப் பாத்துக்கினு இருக்கே?" என்றாள் அக்கா.

நான் அழுகையோடு விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த மல்லாட்டையை உரித்து முறத்தில் போட்டாள்.

"நீ எழுதறத மிசியே படிப்பாரா?"

"படிப்பாரு."

"முழுசாவா?"

"தப்பத் திருத்தணும் இல்ல? ஒவ்வொரு எழுத்தாப் படிப்பாரு."

"அப்ப என்னுத எழுதிக்க."

அப்படிச் செய்தால் 'அவள்' வந்துவிடுமே, அது ஜீவிய சரித்திரம் ஆகிவிடுமே என்றேன். "நான்தான சொல்றேன்? நான்னு சொல்றேன், நான்னே எழுது" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மிசியே கொடுத்த விதியில், யாருடைய 'நான்' என்று ஒரு வார்த்தையும் இல்லை.

அவள் சொல்லச் சொல்ல, அதைப் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கி எழுதினேன். 'நான் என் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவள் மிகவும் கனம்.' எனக்குத் தங்கை கிடையாது. என்னையே நான் தூக்கி வளர்த்ததாக எழுதுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பக்கம் நிறைந்துகொண்டு வந்ததால் நிறுத்தவில்லை. நாற்றுக் கட்டு சுமந்தது, மாடு முட்டித் தோள் பிசகியது, இப்படி அவளிடம் நிறைய இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது. கடைசிச் சில வரிகளை மட்டும் அவள் மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். நான் எழுதினதைத் திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நோட்டில் என் பெயரை எழுதி மூடினேன். துரையே மெச்சப் போகிறார் என்ற நினைப்பு எனக்கு.

மறுநாள் மிசியே ஒவ்வொரு நோட்டாக எடுத்துத் திருத்திக்கொண்டு வந்தார். என் நோட்டில் வந்ததும் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு தரம் படித்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது நிஜமா?"

"நெசம் மிசியே."

"உன் கதைதானா?"

இரவல் வாங்கி எழுதினேன் என்று சொன்னால் புளியங்குச்சி. "என் கதைதான் மிசியே" என்றேன்.

"வைகாசியிலயா கல்யாணம்?"

"ஆமா மிசியே." என் நாக்கு அதற்குள் பொய்க்குப் பழகிவிட்டிருந்தது.

அவர் கணக்கு வகுப்பைச் சட்டாம்பிள்ளையிடம் ஒப்படைத்தார். என் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "உங்க அப்பா எங்கே இருப்பார்?" என்று கேட்டார். கரும்பு ஆலையில் என்றேன். சைக்கிளில் ஏறிப் போயே விட்டார்.

அப்பாவிடம் போகிறார்! என் பொய் அங்கே உடைந்துவிடும். வரப்பு வழியே குறுக்கே விழுந்து ஓடினேன். முள் கிழித்ததெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மிசியேவும் அப்போதுதான் சைக்கிளைக் கரும்புச் சக்கைக் குவியல் மேல் சாய்த்துக்கொண்டிருந்தார்.

மாடுகள் ஆலையைச் சுற்றிக்கொண்டிருந்தன. கொப்பரையில் கருப்பஞ்சாறு பாகாகிக் கொதித்துக்கொண்டிருந்தது. பாகு முற்றுகிற நேரத்தில் அப்பா யாரோடும் பேசமாட்டார். துடுப்பும் கையுமாக நின்றபடியே, "வாங்க மிசியே, இன்னா இந்த வெய்யில்ல?" என்றார்.

"உங்க பொண்ணுக்கு வயசு பத்து. கல்யாணம் பண்ணப் போறீங்களாமே. சட்டம் இல்லைன்னா மனசாட்சியும் இல்லையா? நான் மேரிக்கு எழுதிப் போடுவேன். மேர் கேக்கலைன்னா அதுக்கு மேல போவேன்." என்றார் மிசியே. நகராட்சிக் கச்சேரியைத்தான் அவர் மேரி என்றார் என்பதும் மேர் என்றால் அதன் தலைவர் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். இவருக்கு எதற்கு இத்தனை கோபம் என்பதுதான் தெரியவில்லை. என்னை ஒரு தரம், மிசியேவை ஒரு தரம் பார்த்தார்.

"இவளுக்கா? கல்யாணமா? யாரு சொன்னது?"

"அவளே எழுதியிருக்கா."

மிசியே நோட்டை எடுத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் போலவே உரக்கப் படித்தார். 'நான் என் தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவள் மிகவும் கனம்.' சக்கை அள்ளிக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டான்.

"இவளுக்கு ஏது தங்கச்சி?" என்றார் அப்பா. சொன்னவர் அப்படியே நின்றார். அவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்திருக்க வேண்டும். "மேல படிங்க" என்றார்.

மிசியே படித்தார். 'எனக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளையின் முதல் சம்சாரம் காய்ச்சலில் சாகவில்லை. கிணற்றில் விழுந்து இறந்தாள். வளையல்காரம்மா அதற்கு முந்தின வாரம் அவளுக்கு வளையல் போட்டார்கள். அவள் இரண்டு கையிலும் சூடு போட்ட தழும்பு இருந்தது. பழைய தழும்பின் மேல் புதுத் தழும்பு இருந்தது. வளையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார்கள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாயை மூடு என்றார்கள். எனக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் பயமாக இருக்கிறது.'

வளையல்காரம்மா பாகூர்க் கடைத்தெருவிலிருந்து வருகிறவர்கள். கூடையைச் சுமந்துகொண்டு இரண்டு கரைக்கும் போவார்கள். வீட்டுப் பெண்களின் கையை அவர்களைப் போல அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் வேறு யார்? நிச்சயத்தின்போது அக்காவுக்கு வளையல் போட வந்தவர்கள்தான் அதைச் சொல்லியிருக்கிறார்கள். எழுதும்போது எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. 'தழும்பு' என்பதில் எந்த 'ழ' என்று யோசித்ததுதான் ஞாபகம்.

"இன்னொரு தரம் படிங்க" என்றார் அப்பா.

மிசியே இன்னொரு தரம் படித்தார். தீய்ந்த வாசனை வந்தது. கொப்பரை ஓரத்தில் பாகு கறுத்துக்கொண்டு வந்தது. ஆட்கள் கத்தினார்கள். ஒரு துளி பாகைத் தீயவிடாத அப்பா துடுப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"யாரும்மா சொன்னது இத?" என்று என்னைக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்காதாம்பா சொல்லிச்சு. எனக்கு ஒண்ணுமே நடக்கல, அதான் அக்காவோடத எழுதினேன்."

மிசியே திடுக்கிட்டு நோட்டைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வெய்யிலில் வந்தவருக்குள் அப்போதும் வாத்தியார்தான் முன்னால் நின்றார். "அப்படின்னா இது சுயசரிதையே இல்லையே! ஜீவிய சரித்திரம்ல இது? அவள்னு இல்ல எழுதியிருக்கணும்?"

"எந்தச் சரித்திரமா இருந்தா இன்னா மிசியே," என்றார் அப்பா. "நெசமா, பொய்யா? அதச் சொல்லுங்க."

மிசியே நோட்டை மூடி அப்பாவிடம் நீட்டினார். படிக்கத் தெரியாத அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒனக்குத் தெரியுமா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "வளையல் விக்கறவ சொல்றதுக்கெல்லாம் ஆடினா ஒரு கல்யாணம் நடக்குமா?" என்றாள். பிறகு, "நிச்சயம் பண்ணியாச்சே, என்ன இன்னா பண்ணச் சொல்ற?" என்று அழுதாள்.

விடிந்ததும் அப்பா மணலில் இறங்கி அக்கரைக்கு நடந்து போனார். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. "எழுதிக் கிழிச்சது போதும்" என்றாள். பகல் முழுக்க வீட்டில் இருந்தோம். அக்கா களி கிண்டினாள், தொழுவத்தைக் கூட்டினாள், கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினாள். நானோ என் பொய்யைப் பற்றிக் கவலைப்பட்டேன். கல்யாணம் நடந்தாலும் எனக்கு அடி, நின்றாலும் அடி என்றுதான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கேட்டதற்கு அக்கா, "ஒன்ன யாரும் அடிக்க மாட்டாங்கடி" என்று தலையைக் கோதிவிட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

பொழுது சாயும்போது அப்பா வந்தார். முழங்கால் வரை மணல். காலைக் கழுவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்து முடித்தார்.

"அந்தப் பொண்ணப் பெத்தவனப் பாத்தேன்," என்றார். "செத்துப்போன பொண்ணோட அப்பன். ரெண்டு ஊர் தள்ளி இருக்கறான். எதுக்கு வந்தேன்னுகூட கேக்கல. ஒம்பொண்ணையா கேட்டிருக்காங்கன்னான். எங்கையப் புடிச்சிக்கிட்டு வுடவே இல்ல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வர்ற வழியில அவங்க வூட்டுக்குப் போயி பாக்கு வெத்தலையத் திருப்பிக் குடுத்துட்டேன். சத்தம் போட்டாங்க. போட்டுட்டுப் போறாங்க."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமலே, "இனிமே சொல்றதா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லும்மா. மிசியேக்கு எதுக்கு வெய்யில்ல அலைச்சல்?" என்றார். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். வீட்டில் எல்லாக் குடமும் நிரம்பித்தான் இருந்தன. திரும்பி வரும்போது பாவாடையெல்லாம் நனைந்து, குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அம்மா திட்டவில்லை. அன்று ராத்திரி அம்மா முதலில் அக்காவுக்குத் தட்டு வைத்ததில், பிறந்து பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் தட்டு இரண்டாவதாகத்தான் வந்தது. கருவாட்டுக் குழம்பு அவ்வளவு ருசியாக என்றைக்கும் இருந்ததில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

துரை வருவதற்குள் மிசியே என்னை அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வைத்தார். 'நான்' வந்த இடத்திலெல்லாம் 'அவள்' போட வேண்டும், கல்யாண விஷயம் துரைக்கு வேண்டாம். போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு இடத்தைத் தவிர. 'அவள் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். நான் மிகவும் கனம்.' இதில் நானும் வருகிறேன், அவளும் வருகிறாள், இது எந்தச் சரித்திரம் என்று கேட்டேன். மிசியே தலையைச் சொறிந்தார். "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

துரை வந்தார். தமிழ் தெரியாதவர். என் நோட்டைத் தலைகீழாக வாங்கி, நேராகத் திருப்பி, வரி கோணாமல் இருப்பதைப் பார்த்து "பியேன்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். மிசியே விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. என் வாழ்க்கை வரலாற்றில் எழுதுவதற்குக் கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்காவைக் காப்பாற்றியது நான்தான் என்றும் கூடவே சொல்லிக்கொள்வேன். அக்கா மறுத்ததே இல்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் நானும் அவளும் ஆற்று மணலில் வெள்ளரிப்பிஞ்சு பறித்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் நின்றதால் ஊரில் பேசிய பேச்செல்லாம் அடங்கிவிட்டிருந்தது. அக்கா பழையபடி என்னை ஓடவிட்டுத் துரத்த ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கும் அப்படித்தான் ஓடிக் களைத்து உட்கார்ந்தோம்.

"வளையல்காரம்மா வந்தாங்க," என்றாள். "அந்த ஆளுக்கு நெல்லிக்குப்பம் பக்கம் பொண்ணு பாத்துட்டாங்களாம்."

"எந்த ஆளுக்கு?" என்றேன். எனக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

அவள் கையிலிருந்த பிஞ்சில் ஒட்டின மணலைத் தட்டினாள். "அந்த நெல்லிக்குப்பத்துப் பொண்ணுக்குத் தங்கச்சி இருக்குமாடி? பள்ளிக்கூடம் போற தங்கச்சி?" என்று கேட்டாள்.

எனக்கு வாய் நிறைய வெள்ளரிப்பிஞ்சு. "இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?" என்றேன். "வா, இன்னொரு தரம் ஓடலாம்."

அக்கா எழுந்து நின்றாள், ஓடவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அக்கரையையே பார்த்தாள். மணலில் வெய்யில் பட்டுக் கண் கூசுகிறது, அதனால்தான் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்து, நான் மட்டும் ஓடினேன்.